குழாயில் கீறல் இருந்தால் திருப்பி அனுப்பலாமா? வெல்டிங் செய்த எஃகு லைன் பைப்பைச் சோதித்து ஏற்பது எப்படி

சாத்தாங்காடு இரும்புச் சந்தைப் பக்கம் ஒரு யார்டு. டிரெய்லரிலிருந்து 18 அங்குலக் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தோம். டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆன பையன் ஒரு குழாயின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "சார், கீறல் இருக்கு. ரிஜெக்ட் பண்ணிடலாமா?" பக்கத்தில் நின்ற கிரேன் ஆபரேட்டர் அண்ணன் சிரித்தார். "இதெல்லாம் ஒரு கீறலா தம்பி? பெயின்ட் அடிச்சா மறைஞ்சிடும்."

இரண்டு பேர் சொன்னதும் தவறு. ஒருவர் பயத்தில் சொன்னார், இன்னொருவர் பழக்கத்தில் சொன்னார். அளந்து பார்த்து யாரும் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு அன்று நின்றுகொண்டே கொஞ்சம் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கும், தங்கள் தெருவுக்கு அடியில் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும் இது உதவும்.

எண்ணெயையும் எரிவாயுவையும் தூரத்துக்குக் கொண்டுபோகும் லைன் பைப், வடசென்னையில் இருப்பவர்களுக்குப் புதிய பொருள் இல்லை. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கிய நாள் முதல், துறைமுகத்தில் கப்பல் இறக்கும் கச்சா எண்ணெய் நம் தெருக்களை ஒட்டியும் அடியிலும்தான் மணலிக்குப் போகிறது. 30 அங்குலப் பழைய குழாய்க்குப் பதிலாக இப்போது 42 அங்குலக் குழாய், சுமார் 17 கிலோமீட்டர் நீளத்துக்கு. எண்ணூரில் 2019இல் திரவ எரிவாயு முனையம் வந்த பிறகு எரிவாயுக் குழாய்களும் சேர்ந்துகொண்டன. குழாய் கசிந்தால் என்ன ஆகும் என்பதும் இங்கே தெரியும். 2013இல் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்தது. பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாயின் கசிவுதான் காரணம். தண்ணீர் பிடிக்கப் போனவர்கள் குடத்தை முகர்ந்து பார்த்த நாட்கள் அவை. குழாய்ச் சோதனை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குடம்தான்.

சீம் என்கிற தையல்

எஃகுக் குழாய் இரண்டு வகை. இணைப்பே இல்லாமல் உருக்கிலிருந்து துளைத்து இழுத்தது சீம்லெஸ். தகட்டை உருட்டி விளிம்புகளை ஒட்டியது வெல்டிங் குழாய். இங்கே பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி.

அந்த ஒட்டும் வேலையிலும் இரண்டு முறைகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று இஆர்டபிள்யூ. சுருளாக வரும் தகட்டை நீளவாக்கில் வளைத்துக்கொண்டே போய், விளிம்புகளில் உயர் அதிர்வெண் மின்சாரம் பாய்ச்சிப் பழுக்கவைத்து, உருளைகளால் அழுத்தி ஒட்டிவிடுவார்கள். ராடு கிடையாது, வேறு உலோகம் எதுவும் சேராது. மற்றொன்று சா என்று சொல்லப்படும் முறை. தடித்த தகட்டை வளைத்து, பவுடர் போன்ற ஃபிளக்ஸுக்கு அடியில் கம்பியை உருக்கி, உள்ளேயும் வெளியேயும் வெல்டிங் செய்வது. அந்த வெல்டிங் நேர்கோடாகவும் போகலாம், ஸ்பைரலாகக் குழாயைச் சுற்றியும் போகலாம்.

எந்த முறையாக இருந்தாலும் கவலை ஒன்றுதான்: அந்தத் தையல். குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது, குழாயை வட்டவாக்கில் விரித்துப் பிளக்கப் பார்க்கும் இழுவிசை, நீளவாக்கில் இழுக்கும் விசையைப்போல இரண்டு மடங்கு. நேர்கோட்டுச் சீம் அந்தப் பெரிய விசைக்குக் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. தையல் நல்ல தையலாக இல்லாவிட்டால் குழாய் அங்கேதான் வாய் திறக்கும்.

இஆர்டபிள்யூ சீமில் வரும் பழுதுகளில் ஒன்றுக்கு ஹூக் கிராக் என்று பெயர். தகட்டுக்குள் கசடு ஏதாவது இருந்தால், தகட்டை உருட்டும்போது அது இலைபோலத் தட்டையாகிப் படுத்துவிடும். தகடு தகடாக இருக்கும்வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. விளிம்புகளை அழுத்தி ஒட்டும்போது உலோகம் மேலும் கீழுமாகப் பிதுங்கும். படுத்திருந்த இலையும் அதோடு வளைந்து எழும்பி, கொக்கி வடிவ விரிசலாக நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் மேஃப்ளவர் என்ற ஊரில் 2013 மார்ச் மாதம் குடியிருப்புக்கு நடுவே கச்சா எண்ணெய் ஆறாக ஓடியது. 1940களில் போட்ட 20 அங்குலக் குழாயின் சீமில் இருந்த இப்படிப்பட்ட கொக்கி விரிசல்தான் அறுபது ஆண்டுக்கு மேல் கழித்துப் பிளந்திருந்தது. ஆலையில் தப்பிய ஒரு பழுது எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எல்லாம் ஆர்டரில்தான் தொடங்குகிறது

புதிதாக வருபவர்கள் குழாயைப் பார்ப்பதுதான் சோதனை என்று நினைக்கிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது பர்ச்சேஸ் ஆர்டர். இந்தக் குழாய் எதற்கு, எந்தத் தர விதிப்படி, என்ன கிரேடு என்று அதில் இருக்கும். தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் போகும் பெரிய எஃகுக் குழாய்க்கு ஐஎஸ் 3589 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் போகும் குழாய் என்றால் பெரும்பாலும் ஏபிஐ 5எல் என்ற அமெரிக்கத் தரம். ஒன்றுக்கு ஏற்றது இன்னொன்றுக்கு ஏற்காது.

ஏபிஐ 5எல் விதியில் பிஎஸ்எல் 1, பிஎஸ்எல் 2 என்று இரண்டு நிலைகள். இரண்டாவது கண்டிப்பானது. கந்தகம், கார்பன் அளவுகள் இறுக்கமாக இருக்கும். வலிமைக்குக் கீழ் எல்லை மட்டுமல்லாமல் மேல் எல்லையும் உண்டு. அடி தாங்கும் சோதனையும் சேரும். கிரேடு எக்ஸ்52 என்றால், சதுர அங்குலத்துக்கு 52,000 பவுண்டு இழுவிசை வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கவேண்டும் என்று பொருள். மெட்ரிக்கில் 360 மெகாபாஸ்கல். பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது.

மேல் எல்லை எதற்கு, இரும்பு அதிக வலுவாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அளவுக்கு மீறிய வலிமை பல நேரம் கடினத்தன்மையோடு வருகிறது. கடினமான எஃகு களத்தில் வெல்டிங் செய்யும்போது விரிசல் விடும். கார்பன் ஈக்விவலன்ட் என்று ஒரு கணக்கை வைத்திருப்பதும் அதனால்தான். கார்பன் அளவோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல், செம்பு இரண்டின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு என்று கூட்டவேண்டும். கார்பன் 0.16, மாங்கனீஸ் 1.20, குரோமிய வகை மூன்றும் சேர்ந்து 0.05, நிக்கலும் செம்பும் சேர்ந்து 0.06 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 0.37 வரும். பிஎஸ்எல் 2இல் இந்த வகை எஃகுக்கு எல்லை 0.43. ஆகவே பாஸ். சான்றிதழில் கம்பெனி போட்டிருக்கும் விடையை நம்பிவிடாமல் ஒரு தடவை நீங்களே கூட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

அந்தச் சான்றிதழைத்தான் எல்லோரும் எம்டிசி என்கிறோம். ஆலை கொடுக்கும் சோதனைச் சான்று. ஆலையின் உற்பத்திப் பிரிவைச் சாராத தரப் பிரிவு கையெழுத்திட்டால் 3.1 வகை. வாங்குபவரின் ஆளோ தர்ட் பார்ட்டி ஆய்வாளரோ சேர்ந்து கையெழுத்திட்டால் 3.2 வகை. ஆர்டரில் 3.2 கேட்டிருந்து 3.1 வந்திருந்தால், குழாய் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கேள்வி கேட்கவேண்டும்.

குறை வேறு, பழுது வேறு

இனி அந்தப் பையனின் கீறலுக்கு வருவோம். இந்த வேலையின் அடிப்படைக் கருத்தே இதுதான்.

எஃகுக் குழாய் எதிலும் ஏதாவது ஒரு குறை இருக்கும். உருளை பட்ட தடம், சின்னக் குழி, கீறல், பெல்ட் உரசிய கோடு. விதி இவற்றை இரண்டாகப் பிரிக்கிறது. கண்ணுக்கோ கருவிக்கோ தெரியும் எந்த மாற்றமும் குறை. எழுதிவைத்த எல்லையைத் தாண்டிய குறை மட்டும்தான் பழுது. குறையோடு இருக்கும் குழாயை ஏற்கலாம். பழுதோடு இருக்கும் குழாயை அப்படியே ஏற்கக்கூடாது. நடுவில் இருக்கும் கோடு ஒரு எண். யாருடைய அனுபவமும் மனநிலையும் அந்தக் கோட்டை நகர்த்தக்கூடாது.

எங்கள் குழாயின் சுவர்த் தடிமன் 9.5 மி.மீ. சாதாரண மேற்பரப்புக் குறை தடிமனில் எட்டில் ஒரு பங்கு ஆழம் வரை போகலாம். இங்கே அது சுமார் 1.2 மி.மீ. இன்னொரு நிபந்தனையும் உண்டு: குறையின் ஆழத்தைக் கழித்தபின் மிஞ்சும் சுவர், அனுமதித்த குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக்கூடாது. 5 மி.மீ.க்கும் 15 மி.மீ.க்கும் இடைப்பட்ட தடிமனுள்ள வெல்டிங் குழாய்க்குத் தடிமனில் 10 சதவீதம் கூடவோ குறையவோ இடம் உண்டு. அப்படியானால் நம் குழாயின் கீழ் எல்லை 8.55 மி.மீ.

பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் பிட் கேஜை வைத்து அளந்தோம். கீறல் ஆழம் 0.3 மி.மீ. அல்ட்ராசோனிக் தடிமன் கருவியைப் பக்கத்தில் வைத்தோம், 9.6 காட்டியது. கழித்தால் 9.3. இரண்டு நிபந்தனைக்கும் பொருந்துகிறது. வாடிக்கையாளரும் இதைவிட இறுக்கமான எல்லை எதுவும் எழுதவில்லை. குழாய் ஏற்கப்பட்டது. பையன் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டான். ரிஜெக்ட் என்று சொல்லியிருந்தால் நல்ல குழாய் ஒன்று வீணாகியிருக்கும். பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் அடுத்த முறை 2 மி.மீ. ஆழக் கீறலும் அதே பெயின்டுக்குள் போயிருக்கும்.

எல்லாக் குறைக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டென்ட் என்கிற நசுங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நசுங்கல் 6.4 மி.மீ. ஆழம் வரை பரவாயில்லை. அதன் அடியில் கூர்மையான கீறல் இருந்தால் எல்லை 3.2 மி.மீ.க்கு இறங்கிவிடும். நசுங்கலும் கீறலும் சேர்ந்தால் அந்த இடத்தில் விசை குவியும் என்பதே காரணம். அனுமதியைத் தாண்டிய நசுங்கலைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய முடியாது. அந்தப் பகுதியை வெட்டி எடுக்கவேண்டும், அல்லது முழுக் குழாயும் போகவேண்டும்.

சா குழாய்களில் வெல்டிங்கின் கரையோரம் அரித்ததுபோல ஒரு பள்ளம் வரும், அதற்கு அண்டர்கட் என்று பெயர். 0.4 மி.மீ. வரை கணக்கில் இல்லை. 0.8 மி.மீ.க்கு மேல் பழுது. நடுவில் இருந்தால் நீளத்தையும் எண்ணிக்கையையும் பார்த்து முடிவு. இன்னொன்று ஆர்க் பர்ன். வெல்டர் கவனக்குறைவாக ராடைக் குழாய் மேல் தட்டிப் பற்றவைத்த பொட்டு அது. பார்க்க ஒரு புள்ளிதான். ஆனால் நொடியில் சூடேறி நொடியில் குளிர்ந்த அந்த இடம் கண்ணாடிபோலக் கடினமாகியிருக்கும். அதனால் ஆர்க் பர்னுக்கு அனுமதிக்கும் அளவு என்று எதுவும் கிடையாது, அது எப்போதும் பழுதுதான். தேய்த்து எடுத்துவிட்டு, அமிலக் கரைசல் தடவி, கருமை போய்விட்டதா என்று உறுதிப்படுத்தவேண்டும். தேய்த்தபின் மீண்டும் தடிமனை அளக்கவேண்டும்.

தேய்க்கலாம், வெட்டலாம், திருப்பியனுப்பலாம். ஆனால் பிஎஸ்எல் 2 குழாயின் உடம்பில் பள்ளத்தை வெல்டிங் வைத்து அடைக்கக்கூடாது. யார்டில் யாராவது "ஒரு பாஸ் போட்டு லெவல் பண்ணிடலாம்" என்றால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள்.

நம் ஊரில் துருவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எண்ணூர், திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் திறந்த வெளியில் குழாய் கிடந்தால், உப்புக் காற்றில் சில வாரத்திலேயே செம்மண் பூசியதுபோல ஆகிவிடும். இந்த மேல்துரு பார்க்கத்தான் பயம். கம்பி பிரஷ் போட்டால் உதிரும், கோட்டிங் போடும் முன் எப்படியும் மணல் வீச்சில் சுத்தமாகும். பார்க்கவேண்டியது குழி விழுந்த துரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் யார்டில் தண்ணீர் நின்று, அடி வரிசைக் குழாய்கள் நனைந்தபடி கிடந்தால் குழி விழும். மேலே அடுக்கியவை நன்றாக இருக்கின்றன என்று அடி வரிசையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிரஷ் போட்டு, பிட் கேஜ் வைத்து, மீதிச் சுவரைக் கணக்கிடுங்கள். கீறலுக்குப் போட்ட அதே கணக்கு.

அளவுகள்

குழாயின் முனைதான் களத்தில் அடுத்த குழாயோடு சேரும் இடம். அதனால் உடம்பைவிட முனைக்குக் கட்டுப்பாடு அதிகம். 18 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 457 மி.மீ. முனையில் 1.6 மி.மீ.க்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. வெர்னியர் வைத்தால் வட்டம் கொஞ்சம் நசுங்கியிருப்பதே தவறான அளவைக் காட்டிவிடும். பை டேப் என்ற நாடாவைச் சுற்றினால் அது சுற்றளவிலிருந்து நேராக விட்டத்தையே காட்டும். வட்டம் சரியா என்பதை அதற்குப்பின் தனியாகப் பாருங்கள்.

பெவல் என்கிற சாய்வு வெட்டு 30 முதல் 35 டிகிரி. அதன் அடியில் விடும் தட்டையான விளிம்பு 0.8 முதல் 2.4 மி.மீ. 12 மீட்டர் குழாய் முழு நீளத்துக்கு 24 மி.மீ.க்கு மேல் வளைந்திருக்கக்கூடாது, ஒரு நூல் கட்டினால் தெரிந்துவிடும். பெவல் முகத்தில் பிளவுபோல லேமினேஷன் கோடு (தகட்டுக்குள் அடுக்குப் பிரிந்த தடம்) தெரிந்து 6.4 மி.மீ.க்கு மேல் நீண்டால் பழுது. முனையில் காந்தமும் பாருங்கள். காந்தக் கிரேன் தூக்கிய குழாய்களில் காந்தம் தங்கிவிடும். சராசரி 30 காஸுக்கு (காந்தத்தை அளக்கும் அலகு) மேல் இருந்தால், களத்தில் வெல்டர் ஆர்க்கை ஒரு இடத்தில் நிறுத்த முடியாமல் தவிப்பார். அவருடைய கைப்பிழை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

யார்டில் தெரியாதவை

சீமுக்குள் இருக்கும் கொக்கி விரிசலை யார்டில் நம்மால் பார்க்க முடியாது. அதற்கான வேலை ஆலையில் நடந்திருக்கவேண்டும். பிஎஸ்எல் 2 வெல்டிங் குழாயின் சீம் முழு நீளத்துக்கும் யூடி (அல்ட்ராசோனிக் சோதனை) போன்ற சோதனைக்குள்ளாகவேண்டும். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே சின்ன வெட்டு போட்ட மாதிரிக் குழாய் ஒன்றை அதில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த வெட்டுக்குக் கருவி சத்தம் கொடுக்காவிட்டால், அதற்கு முந்தைய சரிபார்ப்புக்குப் பின் பாஸ் ஆன குழாய்களை மறுபடி ஓட்டவேண்டும்.

அப்புறம் ஹைட்ரோ டெஸ்ட். ஒவ்வொரு குழாயும் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றப்படவேண்டும், மாதிரிக்கு ஒன்று என்ற பேச்சே இல்லை. எவ்வளவு அழுத்தம் என்பது எளிய கணக்கு: சுவரில் அனுமதிக்கும் விசையை இரண்டால் பெருக்கி, தடிமனால் பெருக்கி, விட்டத்தால் வகுக்கவேண்டும். நம் எக்ஸ்52 குழாய்க்கு 360இல் 85 சதவீதம், அதாவது 306. இரண்டு, 306, 9.5 மூன்றையும் பெருக்கி 457ஆல் வகுத்தால் 12.7 மெகாபாஸ்கல். யார்டு மொழியில் சுமார் 130 கிலோ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு. 457 மி.மீ. வரையான வெல்டிங் குழாய்க்கு இதை 5 விநாடியும், அதைவிடப் பெரியதற்கு 10 விநாடியும் குறையாமல் பிடிக்கவேண்டும். கசிவும் வியர்வையும் கூடாது. சான்றிதழில் இருக்கும் அழுத்தம் உங்கள் கணக்கைவிடக் குறைவாக இருந்தால் அங்கே நின்றுவிடுங்கள்.

இழுவிசைச் சோதனை, இஆர்டபிள்யூ குழாயைத் தட்டையாக நசுக்கும் சோதனை, சா குழாயின் சீமை வளைக்கும் சோதனை, குளிர்வித்து அடித்து உடைக்கும் சார்பி சோதனை எல்லாம் குழாயை வெட்டிச் செய்பவை. அதனால் ஒரு லாட்டுக்கு மாதிரி எடுத்துத்தான் செய்வார்கள். ஒரு மாதிரி தோற்றால் அதே லாட்டிலிருந்து இன்னும் இரண்டு எடுக்கலாம். இரண்டும் தேறினால் தோற்ற குழாயைத் தவிர மற்றவை ஏற்கப்படும். இதைத் தெரியாமல் முதல் தோல்வியிலேயே லாட் முழுவதையும் தள்ளுபவர்களும் உண்டு. தேறும் வரை மாதிரி எடுத்துக்கொண்டே போகலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. விதி இரண்டுக்கும் இடம் தரவில்லை.

குழாயின் பெயர்

சோதனைகள் எல்லாம் மாதிரியில் நடந்தவை என்றால், அந்த முடிவுகள் என் முன்னால் கிடக்கும் இந்தக் குழாய்க்கும் பொருந்தும் என்பதற்கு என்ன ஆதாரம்? ஹீட் நம்பர். ஒரே உலையில் ஒரே தடவையில் உருக்கிய எஃகுக்கு ஒரு எண். தகட்டிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து சான்றிதழுக்கும் அது கூடவே வரும். குழாயின் மேல் ஸ்டென்சிலில் தயாரிப்பாளர் பெயர், விதி, விட்டம், தடிமன், கிரேடு, பிஎஸ்எல் நிலை, குழாய் எண் எல்லாம் இருக்கும். ஆர்டர், எம்டிசி, ஸ்டென்சில் மூன்றும் ஒன்றையே சொல்லவேண்டும். இதை ஒவ்வொரு குழாய்க்கும் பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனால் என் கணக்கில் இதுதான் தலையாய வேலை.

ஒருமுறை ஒரு சப்ளையர் அனுப்பிய லாட்டில் நான்கு குழாய்களின் ஹீட் நம்பர் எம்டிசியில் இல்லை. கடைசி இலக்கம் மட்டும் வேறு. எழுத்துப்பிழை, விட்டுவிடுங்கள் என்றார்கள். முடிவு தெரியும் வரை ஹோல்டு போட்டு நிறுத்திவைத்தோம். கையடக்க ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் வேதியியல் எல்லாம் எல்லைக்குள்தான் இருந்தது. "இரும்பு நல்ல இரும்புதானே சார், அப்புறம் என்ன?" என்று கேட்டார்கள். கருவி சொன்னது கலவையை மட்டும். அது எவ்வளவு இழுவிசை தாங்கும், அடிபட்டால் உடையுமா, சீம் வளைந்து தேறுமா என்பதற்கு எந்தத் தாளிலும் விடை இல்லை. பிறகு ஆலையிலிருந்து பதில் வந்தது: அந்த எண் வேறொரு ஆர்டருக்கு உருக்கிய ஹீட். எழுத்துப்பிழை இல்லை. நான்கும் திரும்பிப் போயின.

2010 செப்டம்பர் 9ஆம் தேதி கலிஃபோர்னியாவின் சான் புரூனோ என்ற ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. 1956இல் பதித்த குழாய் அது. ஆவணத்தில் அந்த இடத்தில் 30 அங்குல சீம்லெஸ் குழாய் இருப்பதாக எழுதியிருந்தது. விசாரணையில் பார்த்தால் அங்கே இருந்தவை ஒன்றோடொன்று இணைத்த குட்டைத் துண்டுகள். சீம் உள்ளவை. சிலவற்றின் சீமில் வெளிப்பக்கம் மட்டும் வெல்டிங் இருந்தது, உள்பக்கம் ஒட்டவே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்கும். சீம்லெஸ் என்று தாளில் எழுதியிருந்ததால் யாரும் சீமைத் தேடவில்லை.

சரி, அன்று மாலை யார்டில் மூன்று நிறம் வைத்தோம். ஏற்றவற்றுக்குப் பச்சை, ஹோல்டுக்கு மஞ்சள், தள்ளியவற்றுக்குச் சிவப்பு. சிவப்புக் குழாய்களைத் தனி வரிசையில், மற்றவற்றோடு கலக்க முடியாத தூரத்தில் அடுக்கினோம். அடுக்கும்போது கட்டை சீமின் மேல் உட்காராதபடி குழாய்களைத் திருப்பிவைக்க கிரேன் அண்ணன்தான் உதவினார். கம்பி ரோப் வேண்டாம், நைலான் பெல்ட்டே போடலாம் என்று அவரே சொன்னார்.

மறுநாள் காலையில் ஒரு குழாயின் முனையில் 9 மி.மீ. ஆழ நசுங்கல் இருந்ததால் அரை மீட்டரை வெட்டி எடுக்கவேண்டியிருந்தது. கட்டர் ஆள் கேஸைப் பற்றவைத்துவிட்டார். ஸ்டென்சில் அந்த அரை மீட்டரில்தான் இருந்தது. அந்தப் பையன் கையை நீட்டி அவரை நிறுத்தச் சொன்னான். பெயின்ட் மார்க்கரை எடுத்து, ஹீட் நம்பரையும் குழாய் எண்ணையும் மிஞ்சப்போகும் பக்கத்தில் எழுதி, என்னைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னான். இலக்கம் இலக்கமாக வாசித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதன்பிறகு வெட்டினார்கள்.